சிரகூசாவுக்கு ஒரு பகல் போதுமா?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

ஏப்ரல் நடுவில் சிசிலி போகிறோம். தங்குவது கட்டானியாவில். ஒருநாள் காலை சிரகூசா போய்ச் சுற்றிவிட்டு மாலையே திரும்புவதாகத் திட்டம். பார்த்த காணொளிகளில் எல்லாம் அரை நாளே தாராளம் என்கிறார்கள். ஒரு சின்னத் தீவு, ஒரு பழைய தேவாலயம், ஒரு கிரேக்க அரங்கு, அவ்வளவுதானே? அம்மாவும் வருகிறார். முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி, இரவு

ஒரு பகல் போதும். சிக்கல் என்னவென்றால், கட்டானியாவிலிருந்து போகிறவர்களுக்குக் கிடைப்பது அந்த ஊரின் உதவாத நேரம்.

காலையில் சாப்பிட்டு ரயிலோ பேருந்தோ பிடித்து இறங்கும்போது மணி பதினொன்று ஆகிவிடும். பழைய ஊர் இருப்பது ஓர்டீஜா தீவில். பாலம் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்து மூச்சு விடுவதற்குள் சந்தைக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்திருப்பார்கள். ஒரு மணிவாக்கில் கடைகளைச் சாத்தினால் மறுபடி திறக்க நாலரை, ஐந்து ஆகும். சின்னத் தேவாலயங்களும் அப்படித்தான். தரையும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல், சுவரும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல், உச்சி வெயில். கண்ணைத் திறக்க முடியாது. அந்த நேரத்தில் தெருவில் நடப்பது நாமும் நம்மைப் போல் வழி தேடுகிறவர்களும் மட்டுமே. ஆறு மணிக்கு மேல்தான் ஊர்க்காரர்கள் குழந்தை குட்டியோடு வெளியே வருவார்கள். அப்போது நீங்கள் திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஓர் இரவு தங்குங்கள். மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்து மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால், கணக்குப்படி அது ஒரு முழு நாள்கூட இல்லை. ஆனால் ஊரின் நல்ல நேரம் மொத்தமும் அதற்குள் வந்துவிடும்.

12 பிப்ரவரி

ரயிலா பேருந்தா என்று கேட்டவருக்கு: இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கட்டானியா விமான நிலையத்திலிருந்தே நேரடிப் பேருந்து உண்டு. நான் ரயில் கட்சி. இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், கடல் அந்தப் பக்கம்.

அழகான கடற்கரையை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் அகுஸ்தா தாண்டியதும் திகைப்பீர்கள். அங்கிருந்து பிரியோலோ வரைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், புகைபோக்கிகள், வெள்ளி நிறக் குழாய்கள், கடலுக்குள் நீளும் கப்பல் துறைகள். அதற்கு நடுவே மெகாரா இப்ளேயா என்று ஒரு கிரேக்க ஊரின் இடிபாடு வேறு கிடக்கிறது, கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. ஒரு பக்கம் தெருக்களின் அடித்தளக் கல், மறுபக்கம் எண்ணெய்த் தொட்டி. சுற்றுலாப் புத்தகங்கள் இந்த இருபது நிமிடத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு அது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சோறு போட்டதும், காற்றையும் தண்ணீரையும் கெடுத்ததும் அதுதான்.

ரயில் பைத்தியங்களுக்கு இன்னொன்று. ரோமிலிருந்து சிரகூசாவுக்கு வரும் இரவு ரயிலை மெசினா நீரிணையில் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் தள்ளிக் கடல் தாண்ட வைக்கிறார்கள். தூங்கிக்கொண்டே கடக்கலாம். யாரும் தூங்குவதில்லை.

13 பிப்ரவரி

"ஒரு பழைய தேவாலயம்" என்று கேள்வியில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். இரவு முழுக்க அது உறுத்தியது.

அதன் பெயர் துவோமோ, ஊரின் பேராலயம். அதன் முன்வாசலுக்கு முதலில் போகாதீர்கள். எல்லாரும் படம் எடுக்கும் அந்த முகப்பு ஆந்திரேயா பால்மா வடிவமைத்து 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1693 ஜனவரி நிலநடுக்கத்தில் பழைய முகப்பு விழுந்துவிட்டது. முகப்பைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மினெர்வா தெரு என்று ஒரு குறுகல். அதில் நுழையுங்கள். சுவருக்குள்ளிருந்து பெரிய பெரிய தூண்கள் பாதி உடம்போடு பிதுங்கிக்கொண்டு நிற்கும். சுமார் இரண்டு மீட்டர் விட்டம், கல்லில் செங்குத்தாக ஓடும் வரிகள், அடியில் பீடம் என்று எதுவும் கிடையாது. கி.மு. 480-இல் இமேரா போரில் கார்த்தேஜை வென்ற பிறகு சிரகூசாவின் ஆட்சியாளர் கெலோன் அதீனா தேவிக்குக் கட்டிய கோயிலின் தூண்கள் இவை.

7-ஆம் நூற்றாண்டில் சோசிமோ என்ற ஆயர் காலத்தில் அந்தக் கோயிலை இடிக்காமலேயே தேவாலயம் ஆக்கினார்கள். வெளித்தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைச் சுவர் வைத்து அடைத்தார்கள். கருவறையின் நீளச் சுவர்களை வெட்டி வளைவு வளைவாகத் திறந்தார்கள். திறந்திருந்தது மூடியது, மூடியிருந்தது திறந்தது. கிழக்கே பார்த்த வாசல் மேற்கே திரும்பியது. 878-இல் அரபியர் ஊரைப் பிடித்ததும் பள்ளிவாசல். நார்மன்கள் வந்ததும் மறுபடி தேவாலயம். சண்டை எத்தனை நடந்தாலும் யாருமே தூணைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் கூரை இறங்கிவிடும், காரணம் அவ்வளவு எளிமையானதாகக்கூட இருக்கலாம்.

தெருப்பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். நிலநடுக்கத்தில் தூண்கள் அசைந்திருக்கின்றன. ஒரு தூணின் உடம்பு ஒரு பக்கம், அதன் தலைப்பலகை கொஞ்சம் தள்ளி, இரண்டுக்கும் நடுவே பொருந்தாத ஒரு விளிம்பு. கீழே ஆள் உயரத்துக்குக் கல் கையும் தோளும் உரசி மழமழவென்று ஆகியிருக்கும், மேலே போகப் போகச் சொரசொரப்பு. ஏழு மணி வெயில் அந்தத் தெருவில் சாய்வாக விழும்போது வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பதினொரு மணிக்கு அது ஒரு வெள்ளைச் சுவர்.

13 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. உள்ளே நுழைந்ததும் வலப்பக்க அறையில் ஞானஸ்நானத் தொட்டி. தொட்டி கிரேக்கர் காலத்துப் பளிங்குக் கிண்ணம், விளிம்பில் கிரேக்க எழுத்து. அதைத் தாங்குவது ஏழு குட்டி வெண்கலச் சிங்கங்கள், அவை இடைக்காலத்தவை. சிங்கங்கள் கம்பீரமாக இல்லை, கொஞ்சம் கவலையாக இருக்கின்றன. அம்மாவுக்குப் பிடிக்கும்.

இந்தக் கோயிலின் கதவுகளில் தங்கமும் தந்தமும் இழைத்திருந்ததாகவும், சிசிலியின் ரோமானிய ஆளுநர் வெர்ரெஸ் அவற்றைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனதாகவும் கி.மு. 70-இல் ரோமானிய வழக்கறிஞர் சிசரோ வழக்கே நடத்தினார். வாதம் முடிவதற்கு முன்பே வெர்ரெஸ் ஊரைவிட்டு ஓடிவிட்டார். சொத்துக் குவிப்பு வழக்குகளுக்கு வயது அதிகம்.

15 பிப்ரவரி

"கிரேக்க அரங்கைப் பார்க்காவிட்டால் சிரகூசா போனதாகவே அர்த்தமில்லை" என்று மேலே ஒருவர். எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை.

அரங்கு பெரியது, சந்தேகமில்லை. பாறையையே குடைந்து படியாக்கியது, விட்டம் 138 மீட்டர். ஆனால் மேல்வரிசைகள் இப்போது இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஓர்டீஜாவுக்குக் கோட்டைச் சுவர் எழுப்பக் கல்லை இங்கிருந்துதான் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அப்புறம், மே தொடங்கிக் கோடை முழுக்க அங்கே நாடகம் நடக்கும். 1914-இல் ஆரம்பித்த வழக்கம். அதற்காக ஏப்ரல் வாக்கிலேயே படிகளை மரப்பலகையால் மூடத் தொடங்கிவிடுவார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்த் தச்சுவேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறைய. நாடகம் பார்க்கப் போனால் கதையே வேறு. பொழுது சாயும் நேரத்தில் தொடங்குவார்கள், பாதியில் இருட்டிவிடும், இத்தாலியமே தெரியாவிட்டாலும் உட்கார்ந்திருக்கலாம்.

நாடகம் இல்லை, மரப்பலகை உண்டு, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஓர்டீஜாவிலிருந்து அரை மணிக்கு மேல் நடை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுவிடுவேன்.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அரங்கை விடலாம், பக்கத்துக் கல் குவாரியை விட மனசு வரவில்லை. ஒரே சீட்டு, ஒரே வளாகம்.

எல்லாரும் அங்கே போவது "தியோனீசியோஸ் காது" என்ற குகைக்காக. 23 மீட்டர் உயரம், 65 மீட்டர் ஆழம், வளைந்து வளைந்து உள்ளே போகும். காகிதம் கிழியும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். கொடுங்கோலன் தியோனீசியோஸ் மேலே உட்கார்ந்து கைதிகளின் பேச்சை ஒட்டுக்கேட்டான் என்பார்கள். அந்தப் பெயர் வைத்தது 1608-இல் வந்த ஓவியர் கரவாஜ்ஜியோ என்பார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் ஒரு பாட்டு பாடிப் பார்ப்பார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் மனசில் நிற்பது குகை இல்லை, வெளியே உள்ள பள்ளம். ஏதென்ஸ் கி.மு. 415-இல் பெரும் கப்பற்படையோடு இந்த ஊரைப் பிடிக்க வந்தது. இரண்டு வருடம் மல்லுக்கட்டியும் முடியவில்லை. 413 ஆகஸ்டில் கிளம்பிவிடலாம் என்று முடிவெடுத்த இரவில் சந்திர கிரகணம். தளபதி நிக்கியாஸ் சகுனம் பார்த்து, மூன்று ஒன்பது நாள், அதாவது இருபத்தேழு நாள், கழித்துப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குள் சிரகூசாக்காரர்கள் பெரிய துறைமுகத்தின் வாயைக் கப்பல்களைக் குறுக்கே கட்டி அடைத்துவிட்டார்கள். பிடிபட்டவர்கள் குறைந்தது ஏழாயிரம் பேரை இந்தக் குவாரிகளுக்குள்தான் இறக்கினார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். கூரை இல்லை. பகலில் வெயில், இரவில் இலையுதிர்காலக் குளிர். செத்தவர்கள் பக்கத்திலேயே கிடந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சின்னக் குவளைத் தண்ணீர், இரண்டு குவளைத் தானியம், எட்டு மாதம். யூரிபிடீஸ் நாடக வரிகளை ஒப்பிக்கத் தெரிந்தவர்களில் சிலர் விடுதலை ஆனதாகப் புளூட்டார்க் சொல்வது பிற்காலக் கதை. நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

இப்போது அதே பள்ளத்தில் எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்த்துத் தொங்குகின்றன. இடத்தின் பெயர் "சொர்க்கக் குவாரி". வேண்டுமென்றே வைத்ததா தெரியாமல் வைத்ததா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

சரி, வாடகை வண்டியில் போய்க் குவாரியைப் பார்த்துவிட்டு வாருங்கள். சரிவு உண்டு, ஆனால் மெதுவாக நடந்தால் அம்மாவால் முடியும். காலையில் திறந்ததும் போனால் நல்லது.

18 பிப்ரவரி

ஆர்க்கிமிடீஸ் கல்லறையும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது என்று ஒரு மறுமொழி, படத்தோடு. படத்தில் இருப்பது ரோமானியர் காலத்துக் கல்லறை. உள்ளே சுவரில் சாம்பல் கலயம் வைக்கும் மாடங்கள் இருக்கின்றன. ஆர்க்கிமிடீஸ் இறந்தது கி.மு. 212-இல், ரோமானியத் தளபதி மார்செல்லுஸ் ஊருக்குள் புகுந்தபோது, ஒரு சிப்பாயின் கையால். இந்தக் குடைவரை அதற்கு நன்றாகப் பிந்தியது. பெயர்ப்பலகை மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உண்மைக் கல்லறையைக் கண்டுபிடித்தவர் சிசரோதான். கி.மு. 75-இல் சிசிலியில் வேலை பார்த்தபோது நகர வாயிலுக்கு வெளியே தேடி, முட்புதருக்கு மேல் தலைநீட்டிய ஒரு சின்னத் தூணில் ஆர்க்கிமிடீஸின் அடையாளமான கோளமும் உருளையும் செதுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஆட்களை விட்டு அரிவாளால் புதரை வெட்டச் சொல்லியிருக்கிறார். இறந்து நூற்றைம்பது வருடம்கூட ஆகவில்லை, உள்ளூர்க்காரர்கள் அப்படி ஒரு கல்லறையே இல்லை என்று சாதித்தார்களாம். அதன் பிறகு அது மறுபடி தொலைந்துவிட்டது.

19 பிப்ரவரி

பிளேட்டோவை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டவருக்கு: முதல் தடவை வந்தபோது அதே தியோனீசியோஸ் கோபித்துக்கொண்டு அவரை அடிமையாக விற்கச் செய்ததாக ஒரு கதை. அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தார். அரை நாள் தாராளம் என்கிறவர்கள் கவனிக்கவும்.

இன்னொரு விருந்தாளி பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ். 663-இல் தலைநகரையே இங்கே மாற்றிக்கொண்டு வந்தார். 668-இல் குளியலறையில் பணியாள் வாளியால் தலையில் அடித்துக் கொன்றான். இவருக்கு ஓர் இரவே போதுமாக இருந்திருக்கும்.

25 பிப்ரவரி

சாப்பாடு. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், சைவம் என்றதும் பொறுப்பாக எழுத வேண்டியிருக்கிறது.

பாஸ்தா அல்லா நோர்மா: கத்தரிக்காய், தக்காளி, துளசி இனத்துக் கீரை, மேலே உப்பிட்ட ரிக்கோத்தா பாலாடைக்கட்டி. கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். கபோனாத்தா: கத்தரிக்காயும் செலரித் தண்டும் காடியும் சர்க்கரையும் சேர்ந்த புளிப்பும் இனிப்பும். நம் நாக்குக்கு இதைவிட நெருக்கமான பண்டம் அந்தத் தீவில் இல்லை. வறுத்த ரொட்டித்தூள் தூவிய பாஸ்தாவைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் நெத்திலி கரைந்திருக்கும். "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா அச்சூகே" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், நெத்திலி இல்லாமல்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். நெத்திலியை அவர்களில் பலர் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை, உப்புக் கணக்கில் சேர்க்கிறார்கள். முட்டையும் கூடாது என்றால் காய்ந்த பாஸ்தாவாகப் பாருங்கள், அன்றன்று பிசைவதில் முட்டை இருக்கலாம். ஆடு மாட்டு இரைப்பை நொதி போட்ட பாலாடைக்கட்டி கூடாது என்ற அளவுக்குக் கண்டிப்பு என்றால் கட்டியான வகைகளை விட்டுவிட வேண்டியதுதான்.

காலையில் பாதாம் கிரானித்தா. அவோலா பாதாம் பக்கத்திலேயே விளைகிறது. காலை எட்டு மணிக்குப் பனிக்குழம்பு சாப்பிடுவதைப் பார்த்து அம்மா திட்டினால் நான் பொறுப்பில்லை. கூடத் தரும் பிரியோஷ் ரொட்டியில் முட்டை உண்டு.

உட்கார்ந்து சாப்பிட்டால் ரசீதில் "கோபெர்த்தோ" என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ சேரும். ஏமாற்று இல்லை, வழக்கம். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு.

சந்தை அப்பல்லோ கோயில் இடிபாட்டை ஒட்டிய தெருவில். அசைவர்களுக்கு அதுவே ஒரு காட்சி. வாள்மீன் தலையைத் துண்டாக வெட்டி வாள் மேலே பார்க்க நிறுத்தி வைத்திருப்பார்கள், கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் குவளையால் எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீரை விசிறிக்கொண்டே விலை கூவுவார், காலடியில் தெரு முழுக்க ஈரம் ஓடும். சைவர்கள் நாலு கடை தள்ளி நில்லுங்கள்: உப்பில் புரட்டிய கேப்பர் மொட்டு, பக்கீனோ தக்காளி, காய்ந்த ஒரிகானோக் கட்டு. காலை எட்டிலிருந்து பத்துக்குள் போனால்தான் அது சந்தை. பன்னிரண்டுக்கு மேல் அது படம் எடுக்கிற இடம்.

2 மார்ச்

அரெத்தூசா ஊற்று பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்.

கடலுக்கும் ஊற்றுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் உப்புக்கடல், அந்தப் பக்கம் தரைக்கடியிலிருந்து பொங்கும் ஊற்று. கிரேக்கர்கள் கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் கொரிந்திலிருந்து வந்து இந்தத் தீவில் குடியேற முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தத் தண்ணீர். 1798 ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இதே ஊரில்தான் தன் கப்பல்களுக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு எகிப்துக்குப் போய் ஆகஸ்ட் 1 அன்று நெப்போலியனின் கப்பற்படையை நொறுக்கினார். இப்போது வாத்து நீந்துகிறது, சாம்பல் நிற மீன்கள் சோம்பலாகத் திரிகின்றன.

நடுவே அடர்த்தியாக நிற்பது பாப்பிரஸ். எகிப்தியர் தாள் செய்த அதே செடி. நம் ஊர்ப் பாய்க்கோரையும் இதுவும் ஒரே இனம், தண்டைக் கிள்ளிப் பார்த்தால் அதே முக்கோணம். (கிள்ளாதீர்கள், அங்கே திட்டுவார்கள்.) தண்டு ஆள் உயரத்துக்கு மேல், உச்சியில் பச்சை நூல்களாக விரிந்து தொங்கும். ஊருக்கு வெளியே சியானே ஆற்றங்கரையில் இது தானாகவே வளர்கிறது. படகுக்காரர்கள் அழைத்துப் போவார்கள். கடைகளில் விற்கும் பாப்பிரஸ் ஓவியங்களில் எகிப்து ராணி படம் போட்டவற்றைத் தவிர்த்துவிட்டு வெறும் தாளாக வாங்கலாம்.

3 மார்ச்

சிசிலியில் தமிழர் உண்டா? உண்டு, நிறையவே, ஆனால் பலெர்மோவில். இலங்கைத் தமிழர்கள். பலெர்மோவுக்கு மேலே பெல்லெக்ரினோ மலையில் ரொசலியா புனிதரின் குகைக் கோயில் இருக்கிறது. 1624 கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று அவரைக் கும்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் தமிழ் கேட்கும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவக் குடும்பங்களும் மலை ஏறுகின்றன. சிரகூசாவில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்க்கவில்லை. பலெர்மோ பற்றித் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஆரம்பித்தால் முடியாது.

10 மார்ச்

கடலில் குளிக்கலாமா என்ற கேள்விக்கு. ஏப்ரலில் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஜூனிலிருந்து ஓர்டீஜாவின் கிழக்குக் கரையில் பாறைகளில் இறங்கிக் குளிக்கிறார்கள். காலா ரோஸ்ஸாவில் கையகலக் கடற்கரை. மணல்தான் வேண்டும் என்றால் தெற்கே அரெனெல்லா, ஃபொந்தானே பியான்கே. பாறையில் ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம், கடல்முள்ளெலி முள் உள்ளங்காலில் ஏறினால் பயணம் அங்கேயே முடிந்தது.

அம்மாவுக்காக இன்னொரு எச்சரிக்கை. பழைய யூதர் குடியிருப்பில் ஒரு விடுதிக்கு அடியில் பழைய சடங்குக் குளம், மிக்வா, இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டு இறுதியில் ஸ்பானிய அரசு யூதர்களை விரட்டியபோது மூடிவிட்டுப் போனது, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் விடுதிக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது. தெரு மட்டத்திலிருந்து சுமார் 18 மீட்டர் கீழே. படிகள் செங்குத்து, ஈரம். நீங்கள் மட்டும் இறங்குங்கள். கீழே ஊற்றுநீர் இன்னும் சுரக்கிறது.

17 மார்ச்

ஆகஸ்டில் போகலாம், கூட்டம் இருந்தாலும் பரவாயில்லை என்கிறவர்: கூட்டத்தை விடுங்கள். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிரகூசா பக்கத்தில் 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாக் கண்டத்தின் உச்ச அளவு என்று உலக வானிலை அமைப்பே 2024-இல் உறுதி செய்திருக்கிறது. "நாங்கள் வேலூர்க்காரர்கள், பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. வேலூரில் அந்த நேரத்தில் நீங்கள் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே இருப்பீர்கள், கல் குவாரியில் நின்றுகொண்டிருக்க மாட்டீர்கள்.

29 மார்ச்

முதல் குறிப்பில் "ஓர் இரவு தங்குங்கள்" என்று எழுதினேன். எங்கே தங்குவது என்று சொல்லவில்லை. சொல்லத் தயக்கம்.

போருக்குப் பிறகு ஓர்டீஜா காலியாகிக்கொண்டே வந்தது. சனங்கள் தண்ணீர் வசதியும் மாடிக்கு மின்தூக்கியும் உள்ள புது ஊர்ப் பக்கம் போனார்கள். வீடுகள் இடிந்து விழுந்தன. பிறகு சீரமைப்பு வந்தது, பணமும் வந்தது. இப்போது விடுதிகளாக மாறிய வீடுகள் சந்துக்குச் சந்து. கதவில் சாவிப்பெட்டி தொங்கும், உள்ளே துணி காயப்போட ஆள் இருக்காது. நாம் ஒவ்வொருவரும் "ஓர் இரவு தங்கினால்" அந்தச் சந்தில் ஊர்க்காரர் ஒருவர் குறைகிறார் என்று ஒரு நண்பர் சொல்கிறார். முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் போர்கத்தா என்ற பகுதியில் தங்கிப் பாருங்கள். நடந்தே தீவுக்குப் போகலாம், வாடகை குறைவு, ரொட்டிக்கடையில் நம்மைப் பார்த்துச் சலித்த முகம் இன்னும் வரவில்லை. லூசியா புனிதரின் கல்லறைத் தேவாலயம் அங்கேதான். 304-இல் கொல்லப்பட்டவர், ஊரின் காவல் தெய்வம் மாதிரி. டிசம்பர் 13 அன்று துவோமோவிலிருந்து அவருடைய வெள்ளிச் சிலையைத் தோளில் சுமந்து இங்கே கொண்டுவருவார்கள், 20-ஆம் தேதி திரும்ப எடுத்துப் போவார்கள். 13-ஆம் தேதி வேகவைத்த கோதுமை சாப்பிடுவது வழக்கம். 1646 பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்து சேர்ந்த நன்றி அது.

மால்டா சிறையிலிருந்து தப்பி வந்த கரவாஜ்ஜியோ 1608-இல் லூசியா அடக்கத்தை வரைந்தது இந்தத் தேவாலயத்துக்காக. படத்தின் மேல்பாதி முழுக்க வெற்றுச் சுவர். முன்னால் குழி தோண்டுகிற இரண்டு தடியர்கள், அவர்களுடைய முதுகும் பிட்டமும்தான் முதலில் கண்ணில் படும். புனிதர் தரையில் சின்னதாகக் கிடக்கிறார். படம் பல வருடம் துவோமோ சதுக்கத்துத் தேவாலயத்தில் இருந்தது, அப்புறம் இங்கே வந்தது. எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு நடங்கள்.

போர்கத்தாவிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரு கான்கிரீட் கூம்பு தெரியும். கண்ணீர் மாதா ஆலயம். 1953-இல் ஒரு வீட்டுப் படுக்கையறையில் சுவரில் மாட்டியிருந்த மாதா சிலை நாலு நாள் அழுததாம், அதற்காகக் கட்டியது, 1994-இல் போப் வந்து அர்ச்சித்தார். எலுமிச்சை பிழியும் கருவி என்று கிண்டல் செய்வார்கள். வழி தொலைந்தால் ரொம்ப உதவும்.

21 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். போர்கத்தாவில் ஓர் இரவு. அரங்கில் பலகை அடித்துக்கொண்டிருந்தார்களாம். குவாரியில் அம்மா எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தாராம். காலை ஏழு மணிக்கு மினெர்வா தெரு. கபோனாத்தா இரண்டு வேளை. சிங்கங்களைப் பார்த்து "இதுங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றாராம் அம்மா.

மனியாச்சே கோட்டைக்கு ஏன் போகச் சொல்லவில்லை என்று கோபம். நியாயம். தீவின் தென்முனை, பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் 1230களில் கட்டியது, உள்ளே தூண் மண்டபம், மூன்று பக்கமும் கடல், ஏறுவதற்குப் படியும் அதிகம் இல்லை. நான் அங்கே போகும்போதெல்லாம் காற்று அடித்துத் தொப்பியைப் பறித்தது. அதனால் மறந்திருப்பேன்.

5 மே

வாடகைக் கார் எடுக்கிறவர்கள்: ஓர்டீஜாவுக்குள் வெளியாட்கள் வண்டிக்குத் தடை நேரம் உண்டு. பாலத்தில் கேமரா. பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தால் நுழையக் கூடாது. என் நண்பர் ஒருவருக்கு அபராதச் சீட்டு ஊர் திரும்பி மாதக்கணக்கான பிறகு வந்தது, வண்டி வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் அவருடைய முகவரியைச் சொல்லிக்கொடுத்ததற்கே தனியாக ஒரு தொகை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடங்கள்.

9 ஜூன்

கப்பல் பயணத்தில் வருகிறவர், ஆறு மணி நேரம்தான், அதுவும் பதினொன்றிலிருந்து ஐந்து வரை, இரவு தங்க வழியே இல்லை என்கிறார். அப்படியானால் வெயில் நேரத்தை உள்ளே கழியுங்கள். முதலில் வாடகை வண்டியில் பாவ்லோ ஓர்சி அருங்காட்சியகம், திங்கள் விடுமுறை. அங்கிருந்து சான் ஜொவான்னி நிலவறைக் கல்லறைகள், பக்கத்திலேயே, வழிகாட்டியோடுதான் விடுவார்கள், கீழே குளுகுளுவென்று இருக்கும். பிறகு துவோமோவின் உட்புறம். நாலு மணிக்கு மேல் மினெர்வா தெரு வழியாக அரெத்தூசா வரை நடங்கள். அரங்கை விட்டுவிடுங்கள்.